சமையலறைக்குள் வந்த சாப்பாட்டு மூலை

சுவரோடு சேர்த்து அடித்த இரண்டு பெஞ்சுகள், நடுவில் ஒரு சின்ன மேஜை. அமெரிக்காவில் 'பிரேக்ஃபாஸ்ட் நூக்' எனப்படும் இந்த மூலை 1920களில் பரவலானது. அழகுக்காக மட்டும் வந்ததல்ல. வேலையாட்கள் குறைந்தார்கள், வீடுகளும் சிறுத்தன. சமைப்பவரே பரிமாறவும் வேண்டும். அடுப்புக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிடுமே! 1908 முதல் 1940 வரை தபாலில் முழு வீட்டையே (ஆமாம், வீட்டையே!) விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் வரைபடங்களிலும் இது இடம்பிடித்தது. நாற்காலியை இழுத்துப்போட இடம் தேவையில்லை. சுவரோரம் உட்கார்ந்த குழந்தை அந்தப் பக்கம் விழாது. ரயில் பெட்டியின் எதிரெதிர் இருக்கைகள் போல இருந்ததால் 'புல்மேன்' என்றும் சொன்னார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியிலும் ரயிலைப் பார்த்தே ஒரு சமையலறை பிறந்தது. 1926ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறைக்கு ரயிலின் உணவுப் பெட்டிச் சமையற்கட்டு ஒரு முன்மாதிரி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். பெண்ணின் வேலைப்பளுவைக் குறைப்பதே நோக்கம். நடை நிஜமாகவே குறைந்தது. ஆனால் குடும்பம் உட்கார்ந்து சாப்பிட அங்கே இடமில்லை. பக்கத்து அறையை எட்டிப் பார்க்க ஒரு தள்ளுகதவு, அவ்வளவுதான். வீட்டுப் பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்று 1970களில் பெண்ணியவாதிகள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள்.