உள்ளே யாராவது இருக்கீங்களா?

எக்ஸ்ரேன்னா நமக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்கேன் சென்டர்தான். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம்ம்... விடுங்க", முடிஞ்சது கதை. ஆனா புரதம், பேட்டரி, பழைய ஓவியம்னு எதை எதையோ எக்ஸ்ரே வச்சு ஆராயறதுக்குன்னே பிரம்மாண்டமான கூடங்கள் இருக்கு. சிங்க்ரோட்ரான்னு பேர். பிரான்ஸில் கிரெனோபில் நகரத்துல இருக்கிற ஈஎஸ்ஆர்எஃப் அதில் ஒண்ணு. 844 மீட்டர் சுற்றளவு வளையத்தில் எலெக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓட விட்டு, அதுங்க வளையும்போது சிந்துற எக்ஸ்ரேயைப் பிடிச்சு வேலை பார்க்கிறாங்க. நம்ம இந்தூரில் இருக்கிற இண்டஸ்-2 இதோட சின்னத் தம்பி.

இங்கே சோதனை செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த இடத்து ஊழியர்கள் கிடையாது. எங்கிருந்தோ விண்ணப்பம் போட்டு, மாசக்கணக்கா காத்திருந்து, சில ஷிஃப்ட் ஒதுக்கீடு வாங்கிட்டு வர்ற விருந்தாளிகள். (ஒரு ஷிஃப்ட்னா 8 மணி நேரம். ராத்திரி ஷிஃப்டும் உண்டு, ஐடி மக்களுக்குப் புரியும்.) கிளம்பறதுக்கு முன்னாடியே என்ன சாம்பிள், விஷமா, கிருமியா, தீப்பிடிக்குமான்னு எழுதிக் கொடுக்கணும். பாதுகாப்புப் பாடம் படிச்சுக் கேள்விக்குப் பதில் சொல்லணும். வாசலில் அடையாள அட்டை, பல இடங்களில் கூடவே கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜ். அப்புறம் அந்த பீம்லைன் பொறுப்பாளர் கூட்டிட்டுப் போய் ஹட்ச்சைக் காட்டுவார்.

ஹட்ச்னதும் அந்த நாய்க்குட்டி விளம்பரம் ஞாபகம் வர்றவங்க கை தூக்குங்க :-) இது வேற. ஆங்கிலத்தில் ஹட்ச்னா முயல் கூண்டு. ஈயத்தகடு வச்ச சுவர், கனமான கதவு, ஒரு சின்ன ரூம் அளவு. எக்ஸ்ரே பாயறது இதுக்குள்ளேதான். ஷட்டர் திறந்திருக்கும்போது உள்ளே மனுஷன் இருக்கவே கூடாது.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்குது. சாம்பிளை மாட்டியாச்சு, பீமைத் திறக்கணும். கதவைச் சாத்தி பட்டனை அமுக்கிட முடியாது. ஒருத்தர் ஹட்ச்சுக்குள்ளே ரோந்து வரணும். தூரத்து மூலையில் ஒரு பட்டன், இன்னொரு மூலையில் இன்னொண்ணு, வாசல் பக்கத்தில் கடைசி. சொன்ன வரிசையில், சொன்ன நேரத்துக்குள்ளே, மேஜைக்குப் பின்னாடி, கருவிகளுக்கு இடுக்கில்னு பார்த்துக்கிட்டே அமுக்கணும். சைரன் அலறும், விளக்கு சுழலும். வெளியே வந்து கதவைச் சாத்தினப்புறம்தான் ஷட்டருக்கு அனுமதி. நடுவில் கதவு திறந்தா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. யாராவது மாட்டிக்கிட்டா அமுக்கறதுக்கு உள்ளேயே ஒரு அவசர பட்டனும் இருக்கும்.

அணு அணுவா புரதத்தோட படம் எடுக்கிற இடத்தில், உள்ளே ஆள் இருக்காங்களான்னு பார்க்கறதுக்கு இன்னொரு ஆளா? கேமரா, சென்சார்னு எதையாவது வச்சு முடிக்க வேண்டியதுதானே? எனக்கு முதலில் அப்படித்தான் தோணிச்சு. இந்தப் பட்டன்களோட பூர்வீகத்தைத் தேடிப் போனா, கதை 1895 வரைக்கும் இழுத்துட்டுப் போகுது.

ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் 1895 நவம்பர் 8-ஆம் தேதி ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கிறார். அவரோட சோதனைக்கூடத்தில் ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு உலோகப் பெட்டி இருந்துச்சு. 1896-ல் அவரைப் பார்க்கப் போன டாம் என்கிற பத்திரிகையாளர் அதைப்பத்தி எழுதியிருக்கார். குழாய் வெளியே, மனுஷன் பெட்டிக்குள்ளே. குழாயைப் பார்த்த பக்கம் துத்தநாகம், அதில் வட்டமா ஒரு அலுமினிய ஜன்னல். டாமையும் உள்ளே நிற்க வச்சுக் கதவைச் சாத்தினாங்க. இருட்டில் ஜன்னல் வழியா வந்த கதிர் திரையை ஒளிர வைக்கிறதைப் பார்த்து அவர் அசந்து போனார். எக்ஸ்ரே கூடத்துக்கு வந்த ஆரம்பகால விருந்தாளிகளில் ஒருத்தரை, அன்னிக்கு நிற்க வச்ச இடம் கூண்டுக்குள்ளே! இன்னிக்கு ஹட்ச்சில் நடக்கறதுக்கு நேர் தலைகீழ். பெட்டி இருட்டுக்காகவும் வேலை வசதிக்காகவும் வச்சது. ஆனா ஜன்னல் தவிர மத்த பக்கமெல்லாம் உலோகம் என்பதால் ரான்ட்ஜனுக்கு அவருக்கே தெரியாம ஒரு கவசமாவும் ஆச்சு.

மத்தவங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் காலத்துக் குழாய் நாளுக்கு ஒரு குணமா இருக்கும். கதிர் போதுமான வீரியத்தில் வருதான்னு பார்க்க ஆபரேட்டர்கள் கண்டுபிடிச்ச சுலப வழி, தன் கையையே திரைக்கு முன்னாடி நீட்டி எலும்பு தெளிவாத் தெரியுதான்னு பார்க்கறது. தினமும். பல தடவை. வலிக்காது, சுடாது, ஒண்ணுமே தெரியாது. வாரங்கள் கழிச்சுத்தான் தோல் சிவக்கும், உரியும், ஆறாத புண்ணாகும்.

எடிசனோட உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கண்ணாடி ஊதும் கலைஞர். குழாய் செய்யறதும் சோதிக்கறதும் அவர் வேலை. கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, கடைசியில் ரெண்டு கையையும் எடுத்தாங்க. 1904-ல் இறந்தபோது வயசு 39. எடிசன் எக்ஸ்ரே பக்கமே தலைவச்சுப் படுக்கலை. பிலடெல்பியாவில் மிஹ்ரான் கசாபியன்னு ஒரு மருத்துவர், தன் கை கொஞ்சம் கொஞ்சமா அழியறதைத் தானே போட்டோ எடுத்துப் பதிவு பண்ணி வச்சார். 1910-ல் அவரும் போனார்.

இத்தனைக்கும் எச்சரிக்கை வராமல் இல்லை. எலிஹூ தாம்சன் 1896-லேயே தன் இடது சுண்டுவிரலை வேணும்னே எக்ஸ்ரேயில் காட்டி, அது கொப்பளிச்சதை எழுதினார். ஆனாலும் "சுடறது கதிர் இல்லை, குழாயைச் சுத்தி இருக்கிற மின்சாரம்"னு ஒரு கட்சி வாதாடிக்கிட்டே இருந்துச்சு. பாஸ்டனில் வில்லியம் ராலின்ஸ் என்கிற பல் மருத்துவர், மின்சாரம் தொட முடியாதபடி அடைச்ச பெட்டியில் கினிப் பன்றிகளை வச்சு எக்ஸ்ரே பாய்ச்சினார். அதுங்க செத்துப் போச்சு. 1901-ல் இதை வெளியிட்டு, குழாயைக் கதிர் புகாத கூட்டுக்குள் வை, கண்ணுக்குக் கண்ணாடி போடு, தேவையான இடம் தவிர மத்ததை மூடுன்னு சொன்னார். இன்னிக்கு எந்த எக்ஸ்ரே கூடத்துக்குப் போனாலும் முதலில் சொல்லித் தர்ற விஷயங்கள் இவை. ஆனா பெரும்பாலானவங்க காதில் போட்டுக்கலை. பல் டாக்டர் சொன்னா யார் கேட்பா!

1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் ஒரு நினைவுக்கல் வச்சாங்க. எக்ஸ்ரேவாலும் ரேடியத்தாலும் உயிர்விட்ட டாக்டர்கள், விஞ்ஞானிகள், உதவியாளர்கள்னு 15 நாடுகளைச் சேர்ந்த 169 பேரோட பெயர்கள். பின்னாடி இன்னும் பெயர்களைச் சேர்க்க வேண்டி வந்து, எண்ணிக்கை 350-ஐத் தாண்டிடுச்சு.

எண்கள் வந்ததும் மெதுவாத்தான். ஒரு மாசத்தில் வாங்கற அளவு, தோல் சிவக்கிற அளவில் நூறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுன்னு 1925-ல் முட்ஷெல்லர் ஒரு கணக்கு சொன்னார். 1928-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஒரு சர்வதேசக் குழு. சட்டையில் குத்துற ஃபிலிம் பேட்ஜ், அணுகுண்டுத் திட்டத்தின்போது சிகாகோவில் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது. ஈஎஸ்ஆர்எஃப்பில் இப்போ குறி, யாருக்குமே வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட் தாண்டக்கூடாது என்பது. பொதுமக்களுக்கான அதே வரம்பு.

இனி சிங்க்ரோட்ரான். 1947 ஏப்ரல் 24, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் சோதனைக்கூடம். மெஷினை முழு மூச்சில் ஓட்டிக்கிட்டிருக்காங்க. அப்பப்போ தீப்பொறி வர்ற மாதிரி சந்தேகம். போய்ப் பாருன்னு டெக்னீஷியன்கிட்ட சொல்றாங்க. எப்படி? கான்கிரீட் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே, ஒரு கண்ணாடியை நீட்டி அதில் பார்க்கணும். பார்த்தவர் குழாயில் ஏதோ எரியுதுன்னு உடனே நிறுத்தச் சொன்னார். அது தீப்பொறி இல்லை, எலெக்ட்ரான்கள் வளையும்போது சிந்தின வெளிச்சம். சிங்க்ரோட்ரான் ஒளியை மனுஷன் கண்ணால பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கதையில் எனக்குப் பிடிச்சதே அந்தக் கண்ணாடிதான். ஹாம்பர்க் கல்லில் பெயர் ஏறினப்புறம் வந்த தலைமுறை, எட்டிப் பார்க்க மூஞ்சியை நீட்டலை.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் இந்த ஒளி, துகள் இயற்பியல் ஆட்களுக்கு வேண்டாத விருந்தாளி. அதைக் கேட்டு வந்த வேதியியல், உயிரியல் ஆட்களும் அப்படித்தான். 1974-ல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்பியர் வளையத்தில் எக்ஸ்ரேக்குன்னு ஒரு ஓரம் கிடைச்சுது. அதே வருஷம் நவம்பரில் துகள் ஆட்கள் ஜே/சை துகளைக் கண்டுபிடிச்சு நோபல் கனவோட வளையத்தைக் குறைந்த ஆற்றலிலேயே ஓட்ட, எக்ஸ்ரே ஆட்களுக்குக் கதிரே சரியா வரலை. ஒண்டுக்குடித்தனம்னா அப்படித்தான்.

ஆனா முக்கியமான சிக்கல் வேற. பழைய முறையில், யாராவது உள்ளே போகணும்னா மெஷினையே நிறுத்திடலாம். இப்போ ஒரே வளையத்தைச் சுத்தி பல குழுக்கள், ஆளுக்கொரு நேரத்தில் சாம்பிள் மாத்தணும். ஒருத்தருக்காக எல்லாரையும் நிறுத்த முடியாது. அதனாலதான் ஆளுக்கொரு கூண்டு, கூண்டுக்கொரு ஷட்டர், ஷட்டருக்கொரு பூட்டு. அதை இயக்கப் போறதோ நேத்து ராத்திரி ஃப்ளைட்டில் வந்து இறங்கின, விடிகாலை 3 மணிக்குத் தூங்கி வழியற ஆராய்ச்சி மாணவர்.

அப்போ சாஃப்ட்வேரை நம்பலாமா? நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய பெயர் தெராக்-25. கனடாவில் தயாரான கதிர்சிகிச்சை மெஷின், எலெக்ட்ரானும் தரும், எக்ஸ்ரேயும் தரும். இதுக்கு முந்தின மாடலில் தனி வன்பொருள் இன்டர்லாக் இருந்துச்சு. புது மாடலில் அதையெல்லாம் எடுத்துட்டு வேலையை சாஃப்ட்வேர்கிட்ட கொடுத்தாங்க. 1985 ஜூன்லேர்ந்து 1987 ஜனவரி வரை 6 விபத்துகள், பல பேர் உயிர்விட்டாங்க. 1986 மார்ச்சில் டெக்சாஸில் டைலர் ஊரில் நடந்தது: ஆபரேட்டர் எக்ஸ்ரேன்னு தப்பா டைப் பண்ணி, சட்டுனு எலெக்ட்ரான்னு திருத்தினாங்க. கை வேகம். காந்தங்கள் தயாராகிற 8 விநாடிக்குள்ளே திருத்தினதால் மெஷினோட ஒரு பாதி பழைய கட்டளையிலும் மறுபாதி புதுசிலும் நின்னுச்சு. சுத்தமான ரேஸ் கண்டிஷன். திரையில் வந்தது "மால்ஃபங்ஷன் 54". அர்த்தம் யாருக்கும் தெரியாது, அடிக்கடி வர்ற பிழைதானேன்னு தொடரச் சொல்லி அமுக்கினாங்க. அன்னிக்கு அந்த அறையோட வீடியோ இணைப்பு கழட்டிக் கிடந்துச்சு, இன்டர்காமும் வேலை செய்யலை. ரெண்டாவது தடவையும் அடி வாங்கின நோயாளி எழுந்து வந்து கதவைத் தட்டினப்புறம்தான் வெளியே தெரிஞ்சது. அஞ்சு மாசத்தில் இறந்துட்டார். அதே பிழை பழைய மாடலிலும் இருந்துச்சாம். அங்கே ஃப்யூஸ் போய் மெஷின் நின்னுடும், அவ்வளவுதான்.

அதனால சிங்க்ரோட்ரானில் சாம்பிளை நகர்த்தி, டேட்டா எடுக்கிற கம்ப்யூட்டர் வேற, ஆளைக் காப்பாத்தற அமைப்பு வேற. நம்ம புரோகிராம் ஷட்டரைத் திறன்னு கேட்கலாம், அனுமதி கொடுக்க அதுக்கு அதிகாரம் கிடையாது. சிகாகோ பக்கத்து ஆர்கானில் அந்த அனுமதி ரெண்டு தனித்தனிச் சங்கிலி வழியா வரணும், ஒண்ணு சொதப்பினாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோம் டேட்டா எடுத்த இடங்களில் ஆர்கானும் ஒண்ணு. அங்கே அவரும் வெளியிலேர்ந்து வந்தவர்தான்.)

இத்தனையும் இருந்தும் ரோந்து ஏன்? கதவில் இருக்கிற ஸ்விட்சுக்கு, கதவு மூடியிருக்கான்னுதான் தெரியும். உள்ளே எத்தனை பேர்னு தெரியாது. ஆபீஸில் ஒருத்தர் கார்டைத் தேய்ச்சா பின்னாடியே நாலு பேர் நுழையறோமே, அந்தக் கார்டு மெஷின்கிட்ட உள்ளே எத்தனை பேர்னு கேட்டுப் பாருங்க. குனிஞ்சு ஸ்க்ரூ தேடறவரை அசைவு சென்சார் தவற விடலாம், கேமராவுக்கு மேஜை மறைக்கலாம். பட்டனைத் தூரத்து மூலையில் வச்சதே அதுக்குத்தான். அமுக்கணும்னா நடந்து போயே ஆகணும், போனா கண்ணில் பட்டே ஆகணும்.

ஒரு வேடிக்கை, எக்ஸ்ரேக்கு இவ்வளவு காவல் போட்டதால் விருந்தாளிக்கு மிச்சமிருக்கிற ஆபத்து வேற பக்கம். சாம்பிளைக் குளிர வைக்கிற திரவ நைட்ரஜன் மூடின ஹட்ச்சில் ஆவியானா ஆக்ஸிஜன் குறையும், மயக்கம்கூட சொல்லாம வரும். அதனால சுவரில் ஆக்ஸிஜன் மீட்டர். இதுவும் வலிக்காது, தெரியாது ரகம்தான்.

2020-ல் கொரோனா வந்து பயணம் நின்னப்போ, ஏற்கெனவே இருந்த ரிமோட் முறை சூடு பிடிச்சுது. சாம்பிள் கூரியரில் போகும், ரோபோ கை மாட்டிவிடும், ஆராய்ச்சியாளர் வீட்டு சோபாவிலேர்ந்தே ஓட்டலாம். ஆனா அந்த ரோபோ ஒரு சாம்பிளைக் கீழே போட்டுடுச்சுன்னா, எடுக்க அங்கே டியூட்டியில் இருக்கிற ஊழியர்தான் போகணும். ஷட்டரை மூடி, உள்ளே போய், பொறுக்கிட்டு, திரும்பவும் தூரத்து மூலை பட்டன், அடுத்த மூலை பட்டன், வாசல் பட்டன். சைரன். அவர் கதவைச் சாத்தற வரைக்கும் வேற கண்டத்தில் சோபாவில் இருக்கிறவர் காத்திருக்க வேண்டியதுதான்.