நார்வேயின் மரபு உணவு

நார்வேயின் மரபு உணவு என்பது, அந்நாட்டுப் பண்ணை வீடுகளிலும் மீனவர் குடியிருப்புகளிலும் இடைக்காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலவிய உணவையும் சமையலையும் குறிக்கும். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே உழவுக்கு ஏற்றது. பயிர் வளரும் பருவம் குறுகியது. குளிர்காலம் முழுவதும் மாடுகள் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும். எனவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைத்ததை உலர்த்தியும் உப்பிட்டும் புகையூட்டியும் புளிக்கவைத்தும் மறு கோடைவரை காப்பாற்றுவதே இச்சமையலின் முதல் வேலை. பண்ணையில் ஸ்தாபுர் எனும் களஞ்சியத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. எலி ஏறாதபடி கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடு அது. அதன் சாவி இல்லத்தரசியின் கையில் இருந்தது. வீட்டில் அவருக்கிருந்த அதிகாரத்தின் அடையாளமும் அதுவே.

பார்லியும் ஓட்ஸும் முதன்மைத் தானியங்கள். அவை பெரும்பாலும் கஞ்சியாகவோ, ஃபிளாட்பிரோ எனும் மெல்லிய உலர் ரொட்டியாகவோ உண்ணப்பட்டன. தானியம் அரைக்கும் ஆலைகள் ஓடைநீரால் சுழன்றவை. குளிர்காலத்தில் ஓடை உறையும், கோடையில் வற்றும். பனி உருகும் வசந்தத்திலும் மழை பெய்யும் இலையுதிர் காலத்திலும்தான் மாவு அரைபடும். அதனால் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே, பல நாள் தொடர்ந்து, வட்டக் கல்லில் நூற்றுக்கணக்கான ரொட்டிகளைச் சுட்டு அடுக்கினார்கள். புளிப்புமா சேராத, ஈரம் துளியும் இல்லாத அந்த ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. திறந்த தீமேடையே பெரும்பாலான வீடுகளில் அடுப்பாக இருந்தது. வேகவைப்பதும் கல்லில் சுடுவதும் சமையலின் இரு பெரும் வழிகளாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றாடக் கஞ்சி தண்ணீரில் கிண்டியது. புளித்த பாலேட்டில் கிண்டும் ருமகிரோத் விருந்துக்கும் விழாவுக்கும் உரியது. பிள்ளை பெற்ற தாய்க்கு அண்டை வீட்டுப் பெண்கள் அழகிய மரப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோவது வழக்கம். இந்தக் கஞ்சியை வைத்து 1860களில் ஒரு பெரிய விவாதமே மூண்டது. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பீட்டர் கிறிஸ்டன் ஆஸ்பியோர்ன்சன், 1864இல் புனைபெயரில் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். கஞ்சியை இறக்கும் நேரத்தில் பெண்கள் பச்சை மாவை அள்ளிப் போடுகிறார்கள், அது செரிக்காமல் வீணாகிறது என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டு. ஏழைகளின் வாழ்க்கையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த ஐலர்ட் சுண்ட் அதை எதிர்த்து எழுதினார். தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் நின்றவர்களின் பழக்கத்துக்குக் காரணம் இருக்கும், அதை அவர்களிடமே கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. வேதியியல் பேசியவர் ஆஸ்பியோர்ன்சன். சமைத்தவர்களை மதித்தவர் சுண்ட். நார்வே உணவு வரலாற்றை எழுதுவோருக்குச் சுண்டின் வழியே ஏற்றது.

வடக்கில் மீன் உணவாகவும் இருந்தது, பணமாகவும் இருந்தது. ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன்கள் பேரண்ட்ஸ் கடலிலிருந்து லோஃபோட்டன் தீவுகளை நோக்கி முட்டையிட வரும். பிடித்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பு ஒரு கல் கூடச் சேர்ப்பதில்லை. வளைகுடா நீரோட்டத்தால் அங்கே குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்கும். கடுங்குளிராக இருந்தால் மீன் உறைந்து சதை உடையும், வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். இந்த நடுநிலைக் குளிரில் சில மாதங்கள் காய்ந்து, மீன் மரக்கட்டை போல் இறுகும். ஆண்டுக்கணக்கில் கெடாத இந்தக் கருவாடு பெர்கன் துறைமுகத்துக்குப் போய் ஐரோப்பா எங்கும் விற்பனையானது. தானியம் போதிய அளவு விளையாத வடபுலத்துக்கு அதே வழியில் மாவு திரும்பி வந்தது. ஹான்சா எனும் வணிகக் கூட்டமைப்பின் ஜெர்மானிய வணிகர்கள் 1360 வாக்கில் பெர்கனில் தம் அலுவலகத்தை நிறுவி, இந்த வணிகத்தை நெடுங்காலம் தம் கையில் வைத்திருந்தனர். 1432இல் கப்பல் உடைந்து ரோஸ்ட் தீவில் கரையேறிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினி, இக்கருவாட்டை இத்தாலியருக்கு அறிமுகப்படுத்தியவராக நினைக்கப்படுகிறார்.

கருவாட்டை நீரிலும் பின் சாம்பலிலிருந்து எடுத்த காரநீரிலும் ஊறவைத்து, மறுபடி பல நாள் நல்ல நீரில் அலசி வேகவைத்தால் லூத்தஃபிஸ்க். கூழ்போல் நெகிழும் இவ்வுணவைப் பற்றி ஸ்வீடன் நாட்டு ஒலாவுஸ் மாக்னுஸ் 1555இல் எழுதியிருக்கிறார். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் ஆற்று, ஏரி மீன்களைச் சிறிதளவு உப்பிட்டுப் பீப்பாயில் மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பச்சையாகவே உண்டனர். ரக்ஃபிஸ்க் எனும் இது 1348ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெறுகிறது.

கோடையில் பெண்கள் மாடுகளையும் ஆடுகளையும் சேத்தர் எனும் மலைக்குடிலுக்கு ஓட்டிச் சென்று, பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தனர். வெண்ணெய்க்கு நல்ல விலை உண்டு. இடைக்காலத்தில் நிலக்குத்தகையே வெண்ணெயாகச் செலுத்தப்பட்டது. ஆகவே உழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது கொழுப்பு நீக்கிய பால்தான். அதைப் புளிக்கவைத்துச் செய்த கடுமணம் கொண்ட கட்டியே கமலூஸ்ட். பால் திரிந்தபின் பிரியும் நீரும் வீணாகவில்லை: தண்ணீர் கலந்து தாகத்துக்குக் குடித்தார்கள், சுண்டக் காய்ச்சிப் பழுப்புக் கட்டியாக்கினார்கள். 1863இல் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் ஆன் ஹோவ் என்ற இளம்பெண் அந்த நீரில் பாலேடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். இன்று நார்வே வீடுகளில் பரவலாக உண்ணப்படும் பழுப்புப் பாலாடைக்கட்டி அப்படிப் பிறந்தது. 1933இல், தம் 87ஆம் வயதில், அதற்காக அவர் அரசரின் பதக்கம் பெற்றார்.

இலையுதிர் காலத்தில் ஆடு அறுத்து உப்பிட்டு உலர்த்துவார்கள். மேற்குக் கரையில் அப்படி உலர்த்திய விலா எலும்புகளைப் பிர்ச் மரக்குச்சிகளின்மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பது பின்னெஷோத். இன்றும் அங்கு அது கிறிஸ்துமஸ் உணவு. பண்டிகைக்கு பீர் காய்ச்சுவதோ அன்று சட்டக் கடமையாகவே இருந்தது. மேற்கு நார்வேயின் இடைக்காலச் சட்டமான குலாத்திங், மூன்று ஆண்டுகள் காய்ச்சத் தவறியவரின் சொத்தையே பறிக்க இடம் தந்தது.

இத்தனை முன்னேற்பாடும் பொய்த்த ஆண்டுகள் உண்டு. 1807 முதல் 1814 வரை பிரிட்டிஷ் கடற்படை டென்மார்க்கிலிருந்து தானியம் வராமல் தடுத்தது. 1812இல் விளைச்சலும் கெட்டது. மக்கள் பைன் மரத்தின் உட்பட்டையை உலர்த்தி அரைத்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுப் பசியாறினர். நார்வே எழுத்தாளர் இப்சனின் ‘தேர்யே விகன்’ (1862) நெடுங்கவிதை இந்தப் பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் முன்னின்று பரப்ப முயன்ற உருளைக்கிழங்கு, இந்த அனுபவத்துக்குப் பிறகே எங்கும் வேரூன்றியது. ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும் ஏழைகளின் அன்றாட உணவாயின.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரும்படுப்பு பரவியதும், திறந்த தீயில் சமைக்கும் பழக்கம் மறையத் தொடங்கியது. கருவாட்டுத் தொழில் மட்டும் ஏறக்குறைய பழைய முறையிலேயே தொடர்கிறது: லோஃபோட்டனில் இன்றும் காட் மீன் உப்பின்றித் திறந்தவெளியில் காய்கிறது, மீன் இத்தாலிக்கும், தலைகள் பெரும்பாலும் நைஜீரியாவுக்கும் ஏற்றுமதியாகின்றன.