சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறதா? செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஓர் அபார்ட்மெண்ட் செல்லார். ஒன்பதரைக்கு ஹைடெக் சிட்டியில் மீட்டிங். சாவியைத் திருப்பினால் ‘டிக்’. மறுபடியும் ‘டிக்’. இன்ஜின் அசையவே இல்லை. போன் செய்தால் வரும் மெக்கானிக், தெலுங்கிலோ இந்தியிலோ அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “செல்ஃப் போயிடுச்சு சார், மாத்தணும்.”

போயிருக்கலாம். ஆனால் அந்த ‘டிக்’ சத்தத்துக்குக் காரணம் பேட்டரியாகவோ, துருப்பிடித்த ஒரு போல்ட்டாகவோ இருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும்.

சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு வருடம் முன்பு என் காரிலும் இதே ‘டிக்’தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் ‘டிக்’ திரும்பி வந்தது. வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரைக் கழற்றினார், உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார், திரும்ப முறுக்கினார். முடிந்தது. புது மோட்டாருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

செல்ஃப் மோட்டார் என்ன செய்கிறது?

நாம் ‘செல்ஃப்’ என்று சொல்வது ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் மிச்சம். அதற்கு முன்னால் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். கை உடைந்தவர்களும் உண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில்கூட அவசரத்துக்கு அந்தக் கைப்பிடி இருந்தது. மின்சார ஸ்டார்ட்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அது 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. அதற்கு முன் அவர் பார்த்த வேலை, கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் வைப்பது. கல்லாவைத் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி பலமாக இழுத்தால் போதும். காருக்கும் அதே யோசனைதான். சின்ன மோட்டார், சில நொடி, அளவுக்கு மீறிய கரண்ட். அதனால்தான் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது என்கிறார்கள். ஆறுவதற்கு நேரம் கொடுக்காவிட்டால் உள்ளே வைண்டிங் கருகிவிடும்.

நமக்குப் பக்கத்துத் தொடர்பும் உண்டு. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், இந்திய வண்டிகளுக்குப் பல பத்தாண்டுகளாக செல்ஃப் மோட்டார் செய்துவருகிறது. பாடியில் பஸ் ஸ்டாப்பையே ‘லூகாஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

சாவியைத் திருப்பியதும் இரண்டு வேலை நடக்கிறது. மோட்டாரின் முதுகில் இருக்கும் சோலனாய்டு, சின்னப் பல்சக்கரமான பினியனை முன்னே தள்ளி, பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் கோக்கிறது. அதே அசைவில் ஒரு செப்புத் தட்டு மூடி, பேட்டரியின் முழுக் கரண்டும் மோட்டாருக்குள் பாய்கிறது. நீங்கள் கேட்கும் ‘டிக்’ சோலனாய்டின் சத்தம். அதற்குப் பிறகு மோட்டார் ஏன் சுற்றவில்லை என்பதுதான் கேள்வி.

சத்தம் என்ன சொல்கிறது?

‘டிக்டிக்டிக்’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான ‘டிக்’ என்றால் சோலனாய்டின் செப்புத் தட்டு கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிளும் காரணமாக இருக்கலாம். மோட்டார் ‘விர்’ரென்று சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை என்றால் பினியன் கோக்கவில்லை. ‘கரகர’ என்று அரைத்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. அதோடு தொடர்ந்து ஓட்டினால் ரிங் கியரும் போகும், பிறகு கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

சத்தமே இல்லையா? செல்ஃபைச் சந்தேகிக்கும் முன், ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றி முயலுங்கள். மேனுவல் என்றால் கிளட்சை முழுதாக மிதியுங்கள். அங்குள்ள சின்ன சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, சாவியைப் படிக்கும் இம்மொபிலைசர் என எது மக்கர் செய்தாலும் மோட்டாருக்கு உத்தரவே போகாது.

கணக்கு இங்கேதான் இருக்கிறது

ஒரு சாதாரண பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சை பூத்து, வெறும் 0.01 ஓம் தடை உருவாகியிருக்கிறது. 150 × 0.01 = 1.5 வோல்ட். அவ்வளவு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. அந்த 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்கவும் முடியாது. மீட்டரின் வயருக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். “வயர் எல்லாம் செக் பண்ணியாச்சு, நல்லா இருக்கு” என்று சொல்லப்படும் காரில் கோளாறு ஒளிந்துகொள்வது இப்படித்தான். ஹெட்லைட் பளிச்சென்று எரிவதும் ஆதாரமில்லை. அதற்குச் சில ஆம்பியர் போதும்.

எனவே கரண்ட் பாயும்போதுதான் அளக்க வேண்டும். முதலில் வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியைப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு. பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து சோதிக்காமல் வேறெதையும் தொட வேண்டாம். வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்தில் வாரக்கணக்கில் செல்லாரில் நிற்கும் கார்களில் பெரும்பாலும் இதோடு விஷயம் முடிந்துவிடும். நல்ல பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தும் அதே அளவு விழுந்தால், மோட்டார் உள்ளே சிக்கியிருக்கலாம்.

பேட்டரி சரி என்றால் அடுத்தது வழியில் எவ்வளவு தொலைகிறது என்ற சோதனை. மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே. கறுப்பு முனையை செல்ஃபின் தடித்த கேபிள் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் அல்லது டெர்மினல் கோளாறு. அதேபோல் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையே பாருங்கள். 0.3-ஐத் தாண்டினால் எர்த் கோளாறு. என் காரில் தப்பியது இந்த இரண்டாவது சோதனை.

கடைசியாக, சோலனாய்டுக்கு வரும் மெல்லிய வயர். சாவி திரும்பும்போது அங்கே ஏறக்குறைய பேட்டரி அளவு வோல்ட் வர வேண்டும். தடித்த கேபிளில் வோல்ட் இருக்கிறது, மெல்லிய வயரில் இருக்கிறது, எர்த் சுத்தம், மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஸ்பேனரால் மோட்டார் மேல் லேசாகத் தட்டியதும் ஸ்டார்ட் ஆகிறதா? தேய்ந்த பிரஷ் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். வீடு சேரலாம், ஊருக்குக் கிளம்ப வேண்டாம்.

மழை நாளில் மட்டும் வேறு விதி

2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் ஐதராபாத்தில் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செல்லார் எவ்வளவு சீக்கிரம் குளமாகும் என்று. தண்ணீரில் நின்ற காரில் ‘டிக்’ கேட்டால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை இன்ஜினால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தர மறுப்பார்கள், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தனியாக வாங்கியிருக்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

மாற்றுவதா, சரிசெய்வதா?

பிரஷ், புஷ், சோலனாய்டு மட்டும் போயிருந்தால் அவற்றைத் தனியாக மாற்றலாம், முழு யூனிட்டைவிட மிகவும் மலிவு. ஆர்மேச்சர் கருகியிருந்தால் புதிதே மேல். வாங்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து பினியன் பற்களை எண்ணுங்கள், போல்ட் துளைகளை ஒப்பிடுங்கள். பழைய காரில் ‘பாஷ்’ என்று எழுதியிருந்து, கடையில் ‘எஸ்இஜி’ என்ற பெட்டி தந்தால் பயப்பட வேண்டாம். பாஷின் ஸ்டார்ட்டர் பிரிவு 2018-ல் கைமாறி அந்தப் பெயருக்கு வந்தது.

மாற்றும் வேலையில் முதல் அசைவு, பேட்டரி மைனஸைக் கழற்றுவது. செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளில் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது; ஸ்பேனர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உங்கள் கைக்குப் பக்கத்தில் பாயும். கீழேயிருந்து கழற்ற வேண்டிய கார் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள், மோட்டாரும் சில கிலோ கனம். இரண்டு அல்லது மூன்று போல்ட்தான் பிடித்திருக்கும். எடுத்ததும் அந்தத் துளை வழியாக ரிங் கியரை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினைக் கையால் சுற்றி எல்லாப் பற்களையும் பார்ப்பது நல்லது.

பலரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம்: மோட்டார் வந்து உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். அந்த உலோகப் பரப்புதான் அதன் எர்த். அங்கே துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், புது மோட்டாரும் பழைய ‘டிக்’கைத்தான் போடும். மைனஸைக் கடைசியில் மாட்டி, அதே 0.3 வோல்ட் சோதனையை இன்னொரு முறை செய்துபார்த்த பிறகு மெக்கானிக்குக்குப் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய மோட்டாரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.