ஓவர்லுக்: இல்லாத ஓர் ஓட்டலின் வரலாறு

பேய்ப் படம் என்றாலே பாழடைந்த பங்களா, கும்மிருட்டு, ஒட்டடை என்றுதான் பலருக்கும் நினைவு வரும். 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஷைனிங்' அப்படிப்பட்ட படம் அல்ல. அதில் வருவது விளக்குகள் பளிச்சென்று எரியும் ஒரு பெரிய மலை ஓட்டல். பெயர் ஓவர்லுக். குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் அந்த ஓட்டலைப் பார்த்துக்கொள்ள ஜாக் டாரன்ஸ் என்ற எழுத்தாளர் மனைவியோடும் சிறு மகனோடும் வருகிறார். பனி கொட்டி வழி அடைபடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலித்து, கடைசியில் கோடரியோடு சொந்தக் குடும்பத்தையே துரத்துகிறார்.

இந்தக் கதை பிறந்த இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எஸ்டஸ் பார்க் என்ற ஊரில் இருக்கிறது. நீராவிக் கார் தயாரித்துப் புகழ்பெற்ற ஸ்டான்லி சகோதரர்களில் ஒருவரான எஃப். ஓ. ஸ்டான்லி, காசநோய்க்கு மலைக்காற்று நல்லது என்று 1903இல் அங்கே வந்தார். உடல் தேறியது. 1909இல் அங்கேயே ஒரு பெரிய ஓட்டலைத் திறந்தார். அதுதான் ஸ்டான்லி ஓட்டல்.

1974ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் தன் மனைவியோடு அங்கே தங்கினார். அப்போது அது குளிர்காலத்தில் மூடப்படும் ஓட்டல். அந்த வருடத்திற்கு மூடும் நேரம் என்பதால் வேறு விருந்தினர்களே கிட்டத்தட்ட இல்லை. அவர்களுக்குக் கிடைத்த அறையின் எண் 217. ஆளில்லாத நீண்ட தாழ்வாரங்களும் காலி நாற்காலிகளும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டன. 1977இல் நாவல் வெளிவந்தது.

ஆனால் அந்த நாவலின் உயிர் ஓட்டலில் இல்லை, அப்பாவில் இருக்கிறது. ஜாக் டாரன்ஸ் ஒரு குடிகாரர். குடிவெறியில் மகனின் கையை முறித்தவர். இப்போது குடியை நிறுத்திவிட்டு நல்ல தகப்பனாக வாழ உண்மையாகவே முயல்கிறார். அந்தக் காலத்தில் கிங்கிற்கும் குடிப்பழக்கம் இருந்தது. தன்னைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தனக்கே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

படத்தை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். அவர் கொலராடோவுக்குப் போகவே இல்லை. லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஓட்டலின் உட்புறத்தை செட்டாகப் போட்டார். பெரிய கூடத்திற்கு மாதிரி, கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள அவானி ஓட்டல். வெளித்தோற்றத்திற்கு ஓரிகான் மாநிலத்தின் ஹூட் மலையில் உள்ள டிம்பர்லைன் விடுதி. தொடக்கத்தில் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை மொன்டானாவில் ஹெலிகாப்டரில் இருந்து எடுக்கப்பட்டது. ஆக, திரையில் நாம் பார்க்கும் ஓவர்லுக் உலகில் எங்குமே இல்லை. பல ஊர்த் துண்டுகளை ஒட்டிச் செய்த ஓட்டல் அது.

கேமராவும் ஒரு காரணம். அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டெடிகேமை அதைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே இயக்கினார். சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் தாழ்வாரங்களைச் சுற்றும்போது கேமரா தரையை ஒட்டிப் பின்னாலேயே போகிறது. மரத்தரையில் சக்கரம் கடகடக்கிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. எதுவும் நடக்காத காட்சி. ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கிங்கிற்குப் படம் பிடிக்கவில்லை. ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலேயே பாதிப் பைத்தியமாகத் தெரிகிறார், அப்படியானால் நல்லவன் விழுந்த கதை எங்கே என்பதே அவர் குறை. நாவலில் அப்பா கடைசி நொடியில் தன்னிலைக்கு வந்து மகனைத் தப்பி ஓடச் சொல்கிறார். பாய்லர் வெடித்து ஓட்டல் எரிந்துபோகிறது. படத்தில் அந்த நொடி இல்லை. அப்பா பனியில் உறைந்து சாகிறார், ஓட்டல் அப்படியே நிற்கிறது. ஒருவர் மன்னிப்புக்கு இடம் வைத்தார், மற்றவர் வைக்கவில்லை. குடிகாரத் தகப்பனின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இரண்டுமே தெரிந்த கதைதான்.

படம் வந்தபோது விமர்சகர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். மோசமான படங்களுக்கான ராஸி விருதுப் பட்டியலில் குப்ரிக்கின் பெயரும், மனைவியாக நடித்த ஷெல்லி டுவாலின் பெயரும் இடம்பெற்றன. படப்பிடிப்பில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அழுது நடித்தவர் டுவால். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ள அந்த விருதுக்காரர்களுக்கு 2022 வரை ஆனது. 2024இல் அவர் காலமானார். இடையில் 2018இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டிருந்தது.

இப்போது அந்த ஓட்டல்களின் கதை. 217 என்று படத்தில் காட்டினால் அந்த அறைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்த டிம்பர்லைன் நிர்வாகம் எண்ணை மாற்றச் சொன்னது. தங்களிடம் இல்லாத 237 என்ற எண் படத்தில் வந்தது. இன்றோ அங்கே வருபவர்கள் அதிகம் கேட்பது 217ஐத்தான். கொலராடோவின் ஸ்டான்லி ஓட்டலிலோ, நாவலில் இல்லாத, படத்தில் மட்டுமே வரும் செடிப்புதிர்ப் பாதையைத் தேடி ரசிகர்கள் வந்தபடி இருந்தார்கள். 2015இல் ஓட்டல்காரர்கள் உண்மையிலேயே ஒன்றை நட்டுவிட்டார்கள்.

2019இல் வந்த 'டாக்டர் ஸ்லீப்' படத்தில் அந்தச் சிறுவன் நடுவயதில், தானும் குடியிலிருந்து மீண்டவனாக, ஓவர்லுக்குக்குத் திரும்பி வருகிறான். பாய்லர் வெடிக்கிறது, ஓட்டல் எரிகிறது. நாவலில் 1977இல் எரிந்த ஓட்டல் சினிமாத் திரையில் எரிய 42 ஆண்டுகள் ஆயின. அதற்கு மகன்தான் வரவேண்டியிருந்தது.