பழவேற்காட்டில் எதைப் பாதுகாப்பது?



பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அது. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். செத்துப்போன கம்பெனிக்காரர்களுக்குச் சட்டம் இவ்வளவு அகலமாக வேலி போட்டிருக்கிறது. அதே ஏரியை நம்பி உயிரோடு வாழும் மீனவக் குப்பங்களுக்கும், இருளர், தலித் குடியிருப்புகளுக்கும் அப்படியொரு வேலி கிடையாது. நினைவைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் நாம், யாருடைய நினைவு பாதுகாக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் அதன் வணிகம் முழுவதையும் பழவேற்காட்டிலிருந்தே நடத்தினார்கள். துணி ஏற்றினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் பசித்தவர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறக்குறைய 1,900 பேர் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டதை வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது தலைக்கணக்கு. கல்லறைத் தோட்டத்தில் கம்பெனி அதிகாரிகளின் பெயரும் குடும்பமும் கல்லில் இருக்கின்றன. கப்பலேறியவர்களுக்காக இந்தக் கரையில் ஒரு கல்கூட நடப்படவில்லை.

அடிமை வணிகத்தின் இன்னொரு கடல் அட்லாண்டிக். அதைக் கடந்து கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டாக்கிய இசையே ப்ளூஸ். அந்த இசை வளர்ந்த தெருக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மெம்பிஸ் நகரத்தின் பீல் தெரு 1966இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1968 மார்ச் 28 அன்று, வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்களோடு மார்ட்டின் லூதர் கிங் நடந்துபோனது அந்தத் தெருவில்தான். அடுத்த சில ஆண்டுகளில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் சுற்றிலும் இருந்த கறுப்பின மக்களின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்காகத் தெரு மட்டும் புதுப்பிக்கப்பட்டது. சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் கலைஞர்கள் நடைபாதையில் நின்று வாசித்தார்கள். பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக 1994இல் அந்தச் சந்தையையே அப்புறப்படுத்தினார்கள். சில பழைய கட்டடங்களின் முகப்பு மட்டும் புதிய கட்டடங்களில் ஒட்டவைக்கப்பட்டது. பாடியவர்களை வெளியேற்றிவிட்டுப் பாட்டுக்கு விழா எடுக்க அரசுகளால் முடியும். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டாமல், எதைப் பாதுகாக்கிறீர்கள் என்று நாம் கேட்க வேண்டியதன் காரணம் இதுதான்.

நம் கதையும் வேறல்ல. வடசென்னையின் கானா சாவு வீட்டில் பிறந்த பாட்டு. டோலக் இல்லாவிட்டால் மேசைப் பலகையே தாளமாகும். 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, அதுவரை ஏளனம் செய்தவர்களும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். ஆனால் கானா பாடிய பல ஆற்றோரக் குடியிருப்புகள், கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றி அனுப்பப்பட்டன. மரண வீட்டுக்கு ஊரே கூடுவதற்கு முதலில் ஊர் இருக்க வேண்டும்.

கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் அப்படித்தான். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி, ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பார்கள். கரை போனால் இழுக்க வலை இல்லை. வலை இல்லாத இடத்தில் அந்தப் பாட்டு ஒலிநாடாவில் மட்டுமே மிஞ்சும்.

கரை போய்க்கொண்டிருக்கிறது. ஏரியின் வடகோடியில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காக ஏனாதி மக்கள் தங்கள் தீவை இழந்தார்கள். 1971இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. தெற்கே 2001இல் எண்ணூர் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 2018இல் அதானி குழுமம் வாங்கிய அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதில் ஒரு பகுதி. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தால், வடக்கே உள்ள கரைக்கு மணல் வந்து சேராது, அலை அரிக்கத் தொடங்கும். வடக்கே இருப்பது, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டும் அதன் மேலுள்ள குப்பங்களும். மக்களின் எதிர்ப்புக்கிடையே 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைப்பை வெற்றி என்று எண்ணி நாம் ஓய்ந்துவிட முடியாது.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். துறைமுகம் வேண்டாம் என்றால், இருக்கிற ஊர் அப்படியே இருக்கட்டும் என்கிறோமா? பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டுச் சுழற்சியில் பங்கிட்டுக்கொள்வார்கள். பேராசையைக் கட்டுப்படுத்தும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு, பட்டினவர் சாதியைச் சேர்ந்த சில ஊர்களின் ஆண்களுக்கே வழிவழியாக வருகிறது. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களுக்கும், அதே ஏரியில் பிழைக்கும் தலித் மீனவர்களுக்கும் அதில் பங்கில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் புனிதப்படுத்த மறுத்தார். 1927 மார்ச் 20 அன்று மகாடில் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்து, நீர் எல்லோருக்கும் உரியது என்று நிறுவினார். இந்த இரண்டையும் நாம் பழவேற்காட்டுக்குச் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஏரி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது பாடு இல்லாதவர்கள்தாம். படகும் வலையும் இல்லாத இருளர் பெண்ணுக்கு வேறு நீர் இல்லை. அதனால் துறைமுகத்தை எதிர்ப்பதில் நாம் முன்னணியில் நிற்கிறோம். ஏரியில் சம பங்கு வேண்டும் என்பதையும் அதே மேடையில், அதே குரலில் சொல்கிறோம். முதலில் ஒற்றுமை, சாதிக் கணக்கு அப்புறம் என்று நம்மிடம் பலமுறை சொல்லிவிட்டார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பாட்டுக்கும் இதுவே பொருந்தும். பறையைக் கலை என்று கொண்டாடும் நாம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட நம் முன்னோர்களையும் அதே பெருமையோடு நினைக்கிறோம். கட்டாயத்தின்பேரில் அடித்த அடி பாரம்பரியம் ஆகாது. விரும்பி அடிப்பவரின் கையில்தான் அது கலை.

செய்ய வேண்டிய வேலைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடங்களில் மீனவக் குடியிருப்புகளையும் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் அறிவிக்கையே சொன்னது. மாணவர்கள் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் திடல், இருளர் பெண்கள் இறங்கும் துறை, சேரியின் சுடுகாடு, இவையெல்லாம் அதில் இருக்கின்றனவா என்று மக்களோடு உட்கார்ந்து சரிபாருங்கள். இல்லாதவற்றைக் குறித்து மனு எழுதுங்கள். பாட்டைப் பதிவு செய்யும்போது பாடியவரின் பெயரையும், அவருக்குப் பட்டா உண்டா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படும்படி, கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நடக் கோருவோம்.

அன்று அந்தக் கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிப்போனவர்கள் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. இன்று கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அடுத்த கருத்துக்கேட்பு எப்போது அறிவிக்கப்பட்டாலும், மைக் முன்னால் முதலில் நிற்பவர் பாடு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணாக இருக்கட்டும். அவருக்குப் பின்னால் நாம் நிற்போம்.

ஜெய் பீம்.