தோட்டத்து வேலியும் மருத்துவச் செலவும்

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார் வள்ளுவர். அந்நான்கையும் ஓரிடத்தில் கூட்டிவைப்பதற்கான பொருளை யார் தருவது? பெருந்தோட்டங்களும் தொழிற்சாலைகளும் பெருகிய பிற்காலத்தில் எழுந்த வினா இது. மலாயாவுக்குப் பிழைக்க வந்த தமிழரின் வரலாற்றில் இவ்வினாவுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. யார் பிழைப்பர், யார் மாள்வர் என்பதை அவ்விடைகளே பெரிதும் முடிவு செய்தன.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளைஞர் கிள்ளான் மாவட்டத்துக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. அவ்வாண்டு கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். செப்டம்பரில் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வாட்சன் கைக்கொண்ட மருந்து மண்வெட்டியே. சதுப்பு நீர் வடிக்கப்பட்டது, புதர்க்காடு வெட்டப்பட்டது, கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பப்பட்டது. செலவை அரசாங்கம் ஏற்றது. அடுத்த ஆண்டு காய்ச்சலால் இறந்தோர் 59 பேர்தாம்.

ஆயினும் இவ்வெற்றி நகர எல்லையோடு நின்றுவிட்டது. மாவட்டத்தின் எஞ்சிய பகுதிகளிலிருந்து காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தோர் தொகை அடுத்த சில ஆண்டுகளில் கூடியது. காரணம் யாது? நகரத்துக்கு வெளியே இருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். லயம் கட்டுவதும், குடிநீர் தருவதும், ஆஸ்பத்திரி நடத்துவதும், டிரெசரை அமர்த்துவதும் தோட்ட முதலாளியின் கடமை என்பதே அந்நாளைய கொள்கை. எனவே, தொழிலாளியின் உடல்நலம் தோட்டக் கணக்கில் ஒரு செலவு இனமாயிற்று. ரப்பர் விலை ஏறினால் அச்செலவுக்கு இடமிருந்தது. இறங்கினால் முதலில் வெட்டுண்டது அதுவே.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒரு பொதுநிதி ஏற்படுத்தப்பட்டது. ஆள் கணக்கில் எல்லா முதலாளிகளிடமும் வரி தண்டி, தமிழகத்திலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவர அது பெரிதும் பயன்பட்டது. ஆட்களைக் கொண்டுவருவது முதலாளிகள் அனைவரும் சேர்ந்து தாங்கவேண்டிய செலவு. வந்தவர்களை உயிரோடு வைத்திருப்பதோ அந்தந்தத் தோட்டத்தின் தனிச் செலவு! 1911இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 60க்கும் மேலாக இருந்தது.

தனிச் செலவு என்னும் இக்கொள்கையின் குறை மலையோரத் தோட்டங்களில் நன்கு வெளிப்பட்டது. கடற்கரைச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலை நாடுவது. காட்டை வெட்டி வெயில் விழச் செய்தால் ஒழிவது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. ஆகவே, கிள்ளானில் உயிர் காத்த அதே காடு வெட்டும் முறை, மலைப்பாங்கான நிலத்தில் காய்ச்சலைப் பெருக்கியது. ஓடைகளைக் குழாய்களில் நிலத்தடியில் செலுத்துவதும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் வாட்சன் கண்ட மாற்று வழிகள். இரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டும். மேலும், ஓடை ஒரு தோட்டத்தில் பிறந்து மற்றொன்றில் பாய்வது. கொசு வேலியைக் கண்டு நிற்பதில்லை. பெரிய தோட்டம் பணம் செலவிட்டாலும், பக்கத்துச் சிறு தோட்டம் வாளாவிருந்தால் பயன் குறைந்தது.

இதனை உணர்ந்த அரசாங்கம், தோட்டங்களிடம் வரி தண்டிச் சுகாதாரத்தைப் பொதுவாக நடத்தும் வாரியத் திட்டத்தை 1920களில் சட்டமாக்கியது. தோட்ட முதலாளிகள் எதிர்த்தனர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது திட்டம் கைவிடப்பட்டது. ஆட்களைக் கொண்டுவரும் பொதுநிதி நிலைத்தது. அவர்களைக் காக்கும் பொதுநிதி நிலைக்கவில்லை.

தோட்ட ஆஸ்பத்திரிகளால் நன்மையே இல்லை என்பது பொருந்தாது. பெரிய கம்பெனிகள் சில, பல தோட்டங்களுக்குப் பொதுவான நல்ல மருத்துவமனைகளை நடத்தின. அந்நாளில் மலாய்க் கிராமத்தவர் பலருக்கு அந்த டிரெசரும் இல்லை. விடுதலைக்குப் பின் இந்நிலை தலைகீழாயிற்று.

1950களில் வகுக்கப்பட்ட கிராமச் சுகாதாரத் திட்டம் நாடெங்கும் பரவியது. 50,000 மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், நான்கு துணை நிலையங்கள், இருபது மருத்துவச்சி நிலையங்கள் என்பது அதன் அமைப்பு. செலவு அரசின் பொது வருவாயிலிருந்து வந்தது. தோட்டங்கள் இவ்வலைக்குள் முறையாக வரவில்லை. அவை தனியார் நிலம், அங்குள்ளோர் முதலாளியின் பொறுப்பு என்ற பழைய விதியே தொடர்ந்தது. அதே காலத்தில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ஒரு மருத்துவமனையைத் தாங்கும் வலிமை அத்துண்டுகளுக்கு இல்லை. முன்னர்த் தோட்டத் தொழிலாளிக்குச் சிறிதேனும் கூடுதலாகத் தந்த வேலி, இப்போது அவனைப் பின்தங்க வைத்தது.

பத்துமலையைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அரசாங்க மருத்துவ நிலையத்தில் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்க்கின்றனர். மீதிச் செலவை நாட்டின் வரிப்பணம் ஏற்கிறது. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழிப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகையே எஞ்சியுள்ளது. வேலி பாராமல் நாடு முழுவதும் ஒரே கையால் நடத்தப்பட்ட பணியின் பயன் இது.

எனினும் பழைய வினா மறைந்துவிடவில்லை. இன்று தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் ஆவர். குடிமக்களுக்குரிய குறைந்த கட்டணம் அவர்களுக்கு இல்லை. 2011 முதல் நடப்புக்கு வந்த தனிக் காப்புறுதித் திட்டத்தைக்கொண்டே அவர்களுள் பலரது மருத்துவமனைச் செலவு ஈடுகட்டப்படுகிறது. காப்புறுதித் தொகை முடிந்த இடத்தில் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பது, நூறாண்டுக்கு முன் தமிழ்த் தொழிலாளி லயத்தில் காய்ச்சலோடு கிடந்தபோது எழுந்த அதே வினா. அன்று அவ்வினாவுக்குத் தாமதமாகக் கிடைத்த விடைக்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பதை நன்கறிந்தவர்கள் தமிழர்களே.