இலத்தீன் வழி மொழிகளில் ஆண்பாலும் பெண்பாலும்

தமிழகம் விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நம்முள், இந்தி பேசுங்கால் நாத் தடுமாறாதார் மிகச் சிலரே. ரொட்டி பெண்பால், தூத் ஆண்பால். மாற்றிச் சொல்லிவிட்டால் கடைக்காரர் புன்னகை புரிவார். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் மக்களோ வாய்விட்டே நகைப்பர். உயிரற்ற பொருளுக்கு ஆண் என்றும் பெண் என்றும் பால் வகுப்பானேன் என நாம் மனம் நோவதும் உண்டு. மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்த தொல்காப்பிய நெறியில் வளர்ந்தவர்க்கு இவ்வியப்பு இயல்பே. இத்தகைய வழக்கு மேலைநாட்டிலும் உண்டு. இலத்தீனின் வழித்தோன்றிய பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம், போர்ச்சுகீசியம், உருமானியம் ஆகிய மொழிகளில் அது அமைந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

இலத்தீனில் பால் மூன்று. மதிலைக் குறிக்கும் ‘மூருஸ்’ ஆண்பால். வாயிலைக் குறிக்கும் ‘போர்த்தா’ பெண்பால். திராட்சை மதுவைக் குறிக்கும் ‘வீனும்’ இரண்டும் அல்லாத நடுப்பால். பெரும்பாலும் சொல்லின் ஈறே பாலைக் காட்டிற்று. ஆயின் மக்கள் பேச்சில் ஈறுகள் தேய்ந்தன. இறுதி மகரம் ஒலியாது ஒழிந்தது. நடுப்பாற் சொற்கள் பல ஆண்பாற் சொற்களோடு கலந்தன. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பெத்ரோனியுஸ் என்னும் ஆசிரியர், அடிமைத்தளை நீங்கிய எளியோர் ‘வீனும்’ என்பதை ‘வீனுஸ்’ என ஆண்பாலாக்கிப் பேசுவதைத் தம் கதையில் நகைச்சுவையாகக் காட்டினார். கற்றோர் நகைத்த அவ்வழுவே நாளடைவில் வெற்றி பெற்றது! இன்று இத்தாலியத்தில் மதில் ‘மூரோ’, மது ‘வீனோ’, இரண்டும் ஆண்பாலே.

நடுப்பாற் பன்மை வேறு வழியிற் சென்றது. ‘ஃபோலியும்’ என்றால் ஓர் இலை. ‘ஃபோலியா’ என்றால் பல இலைகள். பின்னதன் ஆகார ஈறு பெண்பால் ஒருமை போல் ஒலித்தமையின், மக்கள் அதனைப் பெண்பாலாகவே கொண்டனர். அதனால் பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம் மூன்றிலும் இலை பெண்ணாயிற்று. இத்தாலியத்தில் முட்டை ஒருமையில் ஆண்பால், பன்மையில் பெண்பால்! உருமானியத்தில் இத்தகைய சொற்கள் மிகப் பல.

ஒரு தாய் மக்களாகிய இம்மொழிகள் தம்முள்ளும் ஒத்துப்போகவில்லை. நாம் பருகும் பால் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் ஆண்பால், இசுபானியத்தில் பெண்பால். கடல் இத்தாலியத்தில் ஆண், பிரெஞ்சில் பெண். ஆதலின் இப்பாகுபாடு பொருளின் இயல்பு நோக்கி எழுந்ததன்று; ஒலியும் வழக்கும் விளைத்தது என்பது தெளிவு.

ஆயினும் மக்களைக் குறிக்கும் சொற்களில் இது வெறும் ஒலிச் செய்தியன்று. 1268ஆம் ஆண்டளவில் எத்தியேன் புவாலோ தொகுப்பித்த பாரிசு நகரத் தொழில் விதிகள், பட்டு நூற்கும் மகளிரைப் பெண்பாற் சொல்லாலேயே குறித்தன. பிற்காலத்தில் உயர் பதவிகள் ஆடவர்க்கே உரியவாக, பிரெஞ்சு மொழியில் தூதர், படைத்தலைவர் என்பவற்றின் பெண்பால் வடிவங்கள் அவர்தம் மனைவியரைக் குறிக்கலாயின. பின்னர் மகளிர் தாமே அப்பதவிகளை ஏற்றபோது அவரை எச்சொல்லால் அழைப்பது என்ற வினா எழுந்தது.

1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு மொழிக் கழகம், முதன்முதலாக ஒரு பெண்மணியை, மார்கரித் யூர்செனார் என்னும் எழுத்தாளரை, உறுப்பினராகத் தேர்ந்தது 1980இல்தான். கனடாவின் கியூபெக் மாநிலம் பதவிப் பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்களை 1979இலேயே பரிந்துரைத்தது. பிரான்சு அரசு 1986இல் சுற்றறிக்கை விடுத்தது. மொழிக் கழகமோ நெடுங்காலம் உடன்படவில்லை. 2014இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில், அவைக்குத் தலைமை தாங்கிய பெண்மணியை ஆண்பாற் சொல்லால் விளித்த உறுப்பினர் ஒருவர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. முடிவில், 2019 பிப்ரவரி 28ஆம் நாள், பெண்பாற் பதவிப் பெயர்களுக்குக் கொள்கையளவில் தடையில்லை எனக் கழகமும் இசைந்தது.

தமிழில் ‘ஆசிரியர்’ என்னும் ஒரு சொல்லே இருபாலாரையும் மதிப்புடன் சுட்டும். அந்நன்மையை உணரும் நாம், பிறமொழியின் பால் வழக்கைப் பொருளற்றது எனத் தள்ளுதல் ஆகாது. வடமொழியின் மூன்று பால்கள் இந்தியில் இரண்டாகச் சுருங்கின. மராத்தியிலும் குசராத்தியிலும் மூன்றும் நிலைத்தன. எல்லாம் அவ்வம் மக்கள் வாழ்ந்து பேசிய வரலாற்றின் சுவடுகளே.

ஆதலின், அயலார் மொழியைப் பிழையறக் கற்க முதியோராகிய நாமும் முயல்வோமாக. நம் இல்லத்து இளஞ்சிறார்க்கும் ஒரு சொல்: பெற்றோர் நாவில் ரொட்டி ஆண்பாலாகி விடும்போது நகைக்கலாம், ஆனால் ‘வீனுஸ்’ என்று சொல்லி நகைக்கப்பட்டோரின் பேச்சே பின்னாளில் மொழியாயிற்று என்பதையும் சற்றே நினைவிற் கொள்க.